கேசட்: ஏக்கமும் மதிப்பும்

பழைய கருவிகள் மீதான ஏக்கத்தைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது வீண்வேலை என்று கருதுவோர் உண்டு. உணர்ச்சிக்கு உரைகல் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. ஆனால் இந்த ஏக்கம் உணர்ச்சி என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. ‘அந்தக் காலத்து ஒலி இன்று இல்லை’, ‘அப்போது பாட்டை முழுதாகக் கேட்டோம்’, ‘அந்தப் பெட்டி தலைமுறைக்கும் உழைத்தது’ என்று அது தீர்ப்புகளையும் வழங்குகிறது. தீர்ப்பு என்று வந்தபின் சான்று கேட்பது முறை.

சோதனைப் பொருளாகக் கேசட்டை எடுத்துக்கொள்கிறேன். தட்டச்சுப்பொறி பெரும்பாலும் அலுவலகத்தோடும் பயிலகத்தோடும் நின்றது. ஃபிலிம் கேமரா வசதியுள்ள வீடுகளைத் தாண்டிப் பரவவில்லை. கேசட் அப்படியல்ல, தேநீர்க்கடை, கோயில் ஒலிபெருக்கி, தனியார் பேருந்து, கல்யாண மண்டபம், படுக்கையறை என்று அது புகாத இடமில்லை. அதன் ஆயுளும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் அதை அறிமுகப்படுத்தியது. 2010இல் சோனி, தன் தாய்நாடான ஜப்பானில், கேசட் வாக்மேன் விற்பனையை நிறுத்தியது. அங்கங்கே சிறு புத்துயிர்ப்புகள் இருந்தாலும் மொத்த வாழ்வும் நம் முன் விரிந்து கிடக்கிறது. மதிப்பிட வசதியான தூரம் இது.

அளவுகோல்கள் மூன்று. கருவி தனக்கென வகுத்துக்கொண்ட குறிக்கோளை எந்த அளவுக்கு நிறைவேற்றியது? அதன் நிறையும் குறையும் வடிவமைப்பிலிருந்து பிறந்தவையா, பயன்படுத்திய சூழலிலிருந்து வந்தவையா? அது ஓய்ந்தபின் அதன் பணி உண்மையிலேயே ஆளில்லாமல் கிடக்கிறதா? ஏக்கம் வழக்கமாகத் தாவிச் செல்வது மூன்றாவது கேள்வியை. ஒரு கருவி நல்லது என்பது ஒரு கூற்று. அதன் இடம் இன்னும் காலி என்பது வேறொரு கூற்று. முதலாவதை நிறுவிவிட்டு இரண்டாவதையும் நிறுவிவிட்டதாக எண்ணுவது தருக்கப் பிழை.

முதலில் ஒலி. கேசட்டின் ஒலி இதமானது, உயிருள்ளது என்பது பரவலான பாராட்டு. எண்கள் அதற்கு ஒத்துழைப்பதில்லை. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். ஸ்டீரியோவில் இரு பக்கங்களுக்குமாக நான்கு தடங்கள் அந்த அகலத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு தடத்துக்குக் கிடைப்பது சுமார் 0.6 மில்லிமீட்டர். நாடா ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். ஒலிப்பதிவுக்கூடங்களில் வழக்கிலிருந்த 38 சென்டிமீட்டர் வேகத்தில் இது எட்டில் ஒரு பங்கு. விளைவைச் சிறு கணக்கில் காணலாம். தாளத்தின், சலங்கையின் ஒலியில் மின்னும் 10,000 ஹெர்ட்ஸ் கூறு ஒன்று நாடாவில் பதியும்போது அதன் அலைநீளம் 5 மைக்ரானைக்கூட எட்டுவதில்லை. வாசிக்கும் ஹெட்டின் கோணம் இம்மி பிசகினால் அந்தக் கூறு கரைந்துபோகும். ஒரு வீட்டு டேப்பில் பதிந்த கேசட் இன்னொரு வீட்டில் மந்தமாக ஒலித்தது இதனால்தான். இன்று ‘இதம்’ என்று போற்றப்படுவதில் பெரும்பகுதி உச்ச அதிர்வெண்களின் இழப்பு.

இரைச்சலும் அப்படியே. டால்பி பி என்னும் இரைச்சல் குறைப்பு முறை, நாடாவின் சீறலைச் சுமார் 10 டெசிபல் தணித்தது. குரோம், மெட்டல் நாடாக்கள் வந்தபின் தரம் மேலும் உயர்ந்தது. நல்ல நாடாவும் நன்றாகப் பராமரித்த டெக்கும் சேர்ந்தால் கேசட்டில் மெச்சத்தக்க ஒலி கிடைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தமிழ் ஏக்கம் நினைவுகூர்வது அந்த டெக்கை அன்று. அது நினைப்பது பேருந்திலும் சலூனிலும் ஓடிய, மூன்றாம் கைப் பிரதியிலிருந்து எடுத்த நான்காம் பிரதியை. அதன் ஒலி அன்றே சுமார். நினைவில் ஊறியதால் அது உயர்ந்துவிடாது.

இந்த இடத்தில் கேசட்டைப் படைத்தவரின் நிலைப்பாடு கவனத்துக்குரியது. பிலிப்ஸ் குழுவுக்குத் தலைமை வகித்த லூ ஓட்டன்ஸ், கருவி எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதைக் கோட்டுப் பைக்குள் நுழையும் ஒரு மரக்கட்டையை வைத்து முடிவு செய்தார். கையடக்கம், எளிமை, மலிவு ஆகியவையே அவர் நாடியவை. தொடக்கத்தில் அது பேச்சைப் பதியும் கருவியாகவே கருதப்பட்டது. அந்தக் குறிக்கோளை வைத்துப் பார்த்தால் கேசட் முழு வெற்றி. இசைத்தரம் அதன் வாக்குறுதியில் இருக்கவில்லை. பின்னாளில் சி.டி. உருவாக்கத்திலும் பங்குகொண்ட ஓட்டன்ஸ், ஒலியில் சி.டி.யே மேல் என்பதைத் தயங்காமல் சொன்னார். கேசட் ஏக்கத்தில் அவர் பங்கேற்கவில்லை. 2021இல் தம் 94ஆம் வயதில் மறைந்தார். தம் படைப்பைப் பற்றிய அவருடைய மதிப்பீடு, அதன் ரசிகர்களுடையதைவிடக் கறாரானது. ஒலி என்ற தலைப்பில் ஏக்கத்தின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்யலாம்.

இரண்டாவது கோரிக்கை கேட்கும் ஒழுங்கைப் பற்றியது. கேசட்டில் பாட்டைத் தாண்டிச் செல்வது கடினம். ஆகவே தொகுப்பை ஒரு முழுமையாகக் கேட்டோம், இன்றைய காது துண்டு துண்டாக மேய்கிறது என்பது வாதம். மேலைநாட்டு ஆல்பம் மரபுக்கு இது ஓரளவு பொருந்தலாம். தமிழ்க் கேசட்டின் வரலாறு வேறு. ஒரு படத்தின் ஐந்தாறு பாடல்கள் ஒரு பக்கத்துக்கே போதும்; மறுபக்கத்தில் சம்பந்தமே இல்லாத இன்னொரு படம் இருக்கும். விலையைக் கருதிச் செய்த ஏற்பாடு இது. அதில் அழகியல் ஒருமை எதுவும் இல்லை. ரெக்கார்டிங் சென்டர்களோ இன்னும் ஒரு படி மேலே போயின. வாடிக்கையாளர் தாளில் எழுதிக்கொடுக்கும் பட்டியலைப் பல படங்களிலிருந்து பொறுக்கி, ‘அறுபதா, தொண்ணூறா’ என்று கேட்டுப் பதிந்துகொடுத்தன. இன்றைய பிளேலிஸ்ட்டின் மூதாதை அங்கேதான் பிறந்தது. துண்டாக்கலை எதிர்க்க விரும்புவோர் கேசட்டைச் சாட்சிக்கு அழைப்பது பொருந்தாது.

விதிவிலக்குகளைக் குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986), ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு வந்த ‘நத்திங் பட் விண்ட்’ (1988) ஆகியவை தொகுப்பாகவே சிந்திக்கப்பட்டவை. அவற்றின் வரிசைக்குப் பொருள் உண்டு. திரைக்கதையின் தேவைக்கு வெளியே ஓர் இசையமைப்பாளர் நின்று பேச அந்த வடிவம் இடம் தந்தது. இது சிறிய பயன் அன்று. ஆனால் இத்தகைய ஆக்கங்கள் எண்ணிக்கையில் சில, இசைத்தட்டும் சி.டி.யும் அவற்றை அதே முழுமையோடு தாங்கவும் செய்தன. ஆகவே பெருமையில் பெரும்பங்கு படைப்பாளிக்கு, சிறுபங்கே நாடாவுக்கு.

இதே தலைப்பில் கேசட்டுக்குச் சேர வேண்டிய வேறொரு நன்மதிப்பு உண்டு. ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம் அல்லது நாற்பத்தைந்து நிமிடம் என்ற எல்லை, பட்டியல் போட்டவரைத் தேர்வு செய்யக் கட்டாயப்படுத்தியது. ஏழாவது பாட்டு வேண்டுமானால் மூன்றாவதைக் கைவிட வேண்டும். ரசனை கூர்மை பெறுவது இப்படிப்பட்ட நெருக்கடியில்தான். எல்லையில்லாத பட்டியலில் சேர்க்க முடியும். கழிக்கும் பயிற்சி கிடைப்பதில்லை. கோரிக்கையை இந்த அளவில் ஏற்கலாம்: முழுமை என்பது மிகை, தேர்வு என்பது மெய்.

மூன்றாவது, உழைப்பும் பழுதுநீக்கமும். இரண்டையும் ஒன்றாகப் பேசுவது ஏக்கத்தின் வழக்கம். பிரித்துப் பார்ப்பது திறனாய்வின் கடமை. நம்பகத்தன்மையில் கேசட் பலவீனமானது. தொண்ணூறு நிமிட நாடாவின் தடிமன் சுமார் 12 மைக்ரான். நாடாவை அழுத்தி இழுக்கும் பிஞ்ச் ரோலரில் அழுக்கேறினால் நாடா சுருண்டு உள்ளே சிக்கும். பெல்ட் தளர்ந்தால் ராகம் தள்ளாடும். வெயிலில் வைத்தால் ஓடு வளையும். நாடாச் சக்கரத்தில் பென்சிலை நுழைத்துச் சுற்றும் படம் இன்று அந்தக் காலத்தின் சின்னமாகவே ஆகிவிட்டது. அந்தப் படம் காட்டுவது கருவி பழுதான தருணத்தை என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. எந்த நிறுவனமும் தன் பொருளின் கோளாறை விளம்பரப்படத்தில் வைக்காது, ஏக்கம் வைக்கிறது.

ஆனால் பழுதுநீக்கத்தில் கேசட் இணையற்றது. ஸ்பிரிட்டும் பஞ்சும் இருந்தால் ஹெட்டை வீட்டிலேயே துடைக்கலாம். அறுந்த நாடாவை ஒட்டலாம். பெல்ட்டை மாற்ற ஊர் ரேடியோ கடைக்காரர் போதும். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் கை வைக்கத் துணிவு வந்தது. இதன் உச்சச் சான்று யாழ்ப்பாணத்தில் கிடைக்கிறது. போர்க்காலத்தில், 1990க்குப் பின், குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பேட்டரிகள் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தன. மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கும் டேப் ரெக்கார்டருக்கும் மின்சாரம் எடுத்தார்கள். சைக்கிள் டைனமோ தரும் 6 வோல்ட், நான்கு பேட்டரிகளின் மின்னழுத்தத்துக்குச் சமம். வடிவமைத்தவர்கள் எதிர்பாராத ஒரு நெருக்கடிக்கு அந்தக் கருவி வளைந்துகொடுத்தது. மூடிய ஓட்டுக்குள் பேட்டரியை ஒட்டிவைத்த இன்றைய கருவிகளிடம் இந்த இணக்கம் இல்லை. இந்தத் தலைப்பில் ஏக்கம் பாதிக்கு மேல் வென்றுவிடுகிறது. தன் வாதத்தைச் சரியாக வகுத்திருந்தால் முழுதாகவே வென்றிருக்கும்.

இதுவரை எடைபோட்டவை ஏக்கம் தானாக முன்வைத்த கோரிக்கைகள். அது முன்வைக்க மறந்த ஒன்றில்தான் கேசட்டின் தலையாய சாதனை இருக்கிறது. அது பதிவுப் பொத்தான்.

இசைத்தட்டு கேட்பவருக்குத் தந்தது கேட்கும் உரிமை மட்டுமே. யார் பாட வேண்டும், எது பதியத்தக்கது என்பதைக் கம்பெனி முடிவு செய்தது. கேசட் அந்த அதிகாரத்தைப் பரவலாக்கியது. அதன் முதுகில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் நாக்குகள் இதை அழகாகச் சொல்கின்றன. நாக்கை உடைத்தால் மேலே பதிய முடியாது; உடைந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம். கடையில் வாங்கிய கேசட்டையும் இந்த ஒரு துண்டு டேப் வெற்றுக் கேசட்டாக்கிவிடும். கேட்பவரும் பதியலாம் என்ற நிலைப்பாடு வடிவமைப்பிலேயே அமைந்தது. பிலிப்ஸ் தன் வடிவத்துக்கு உரிமத்தொகை கேட்காமல் பிற நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டதால் அது உலகத்தரமாகி, மலிந்து, நம் தெருவரை வந்தது.

இந்தியாவில் இதன் விளைவை ஆராய்ந்த பீட்டர் மேனுவலின் ‘கேசட் கல்ச்சர்’ (1993) வட இந்தியாவைப் பற்றியது. ஹெச்.எம்.வி.யின் ஏகபோகம் சரிந்ததையும், வட்டார இசை வடிவங்களுக்குச் சந்தை பிறந்ததையும் அந்நூல் விரிவாக நிறுவுகிறது. தமிழுக்கு அதற்கிணையான நூலொன்று எழுதப்பட வேண்டும், சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. எல்.ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாடல்கள் ஆடி மாதத்தின் ஒலியாகவே ஆயின. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் புஷ்பவனம் குப்புசாமியும் நாட்டுப்பாடலைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். வாரியார் சொற்பொழிவும் பட்டிமன்றமும் நாடாவில் விற்றன. ‘விதி’ (1984) படத்தின் கதை வசனக் கேசட், பாட்டே வேண்டாம், பேச்சே போதும் என்று தேநீர்க்கடைகளில் ஓடியது. பேச்சை நிகழ்கலையாகக் கொண்டாடும் ஒரு சமூகத்துக்கு, பேச்சுக்கெனவே பிறந்த கருவி பொருந்திப்போனதில் வியப்பில்லை.

கடைக்கு வராத பதிவுகள் இவற்றினும் முக்கியமானவை. வளைகுடாவுக்குப் பிழைக்கப் போனவர்களும் ஊரில் இருந்த குடும்பங்களும் கேசட்டில் பேசி அனுப்பிக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், இன்னொருவர் கையை எதிர்பாராமல் தன் மகனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடிந்தது. கர்நாடக இசை மாணவர்கள் குருவின் பாடாந்தரத்தைப் பதிந்து வைத்துப் பயின்றார்கள். எழுத்தறிவு, பணம், கம்பெனியின் தயவு என்ற மூன்று வாசல்களையும் தாண்டி, சாதாரணக் குரல் பதிவாகும் தகுதியைப் பெற்றது. இதற்கு முன் எந்தக் கருவியும் இதை இந்த விலையில் செய்ததில்லை.

நிறை இவ்வளவு என்றால் அதே பொத்தானின் குறையையும் எழுத வேண்டும். பிரதி எடுப்பது எளிதானதும் திருட்டுக் கேசட் பெருகியது. பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் வர வேண்டியது வழியிலேயே மறைந்தது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை 1984இல் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்க வேண்டியிருந்தது. நாம் இன்று நன்றியோடு நினைக்கும் ரெக்கார்டிங் சென்டர்களின் தொழில், கறாராகச் சொன்னால், உரிமை மீறல். அரசியலிலும் இதே இரட்டை முகம். நாடுகடத்தப்பட்டிருந்த கொமேனியின் உரைகள் கேசட் வழியே ஈரானுக்குள் புகுந்து ஓர் ஆட்சியின் வீழ்ச்சிக்குத் துணைநின்றன. வட இந்தியாவில் மதவெறுப்பைத் தூண்டும் பேச்சுகளும் அதே வழியில் பரவியதை மேனுவல் பதிவுசெய்கிறார். தணிக்கையைத் தாண்டும் கருவி, தணிக்கை செய்ய வேண்டியதையும் சேர்த்தே தாண்டும். கேசட்டை ஜனநாயகத்தின் தூதனாக மட்டும் எழுதுவது பாதி வரலாறு.

இனி மூன்றாம் அளவுகோல். பதிவுப் பொத்தானின் இடம் இன்று காலியா? இல்லை. ஒவ்வொரு கைபேசியிலும் அது இருக்கிறது. கேசட்டைவிடத் தெளிவாகப் பதிகிறது. வளைகுடாக் கேசட்டின் நேர் வாரிசு வாட்ஸப் குரல் செய்தி. வாரக்கணக்கில் தபாலுக்குக் காத்திருந்த தாய் இப்போது நொடியில் கேட்கிறாள். அந்தக் காத்திருப்பையும் ஒரு சுவையாகப் பாடும் ஏக்கம், காத்திருந்தவரைக் கேட்டுவிட்டு எழுதப்படுவதில்லை.

காலியாக இருப்பது வேறோர் இடம்: கைவசம். கேசட்டை வாங்கியவர் அதை வைத்திருந்தார். யாரும் இரவோடு இரவாக வந்து அலமாரியிலிருந்து எடுத்துப்போக முடியாது. சந்தா கட்டிக் கேட்பவருக்கு இந்த உறுதி இல்லை. 2023இல் ஜீ மியூசிக்குடன் உரிமப் பேச்சு முறிந்தபோது அந்நிறுவனத்தின் பாடல்கள் ஸ்பாட்டிஃபையிலிருந்து மறைந்தன. தங்கள் பட்டியலில் ஓட்டை விழுந்ததைக் கேட்பவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏக்கத்தை விற்கும் சந்தையும் இந்த இடத்தை முழுதாக நிரப்புவதில்லை. 2017இல் வந்த, சரிகம நிறுவனத்தின் கார்வான் என்னும் பாட்டுப்பெட்டி பழைய வானொலியின் முகத்தோடு 5,000 பாடல்களைச் சுமந்து வந்தது; பின்னர் தமிழுக்கும் வந்தது. முதியவர்கள் சிரமமின்றி இயக்கலாம், இணையம் வேண்டாம் என்பவை அதன் உண்மையான நிறைகள். ஆனால் உள்ளே பதிந்த ஐயாயிரத்தையும் தேர்ந்தது நிறுவனம். தோற்றம் பழைய பெட்டியுடையது. அதிகார உறவு அதற்கும் முந்தைய இசைத்தட்டுக் காலத்துடையது. வாங்குபவர் தம் இளமையைத் திரும்பப் பெற்றதாக எண்ணுகிறார். பெற்றது அதன் முன்பலகையை.

எடையிட்டதைத் தொகுக்கலாம். ஒலிச்சாதனம் என்ற முறையில் கேசட் நடுத்தரம். இயந்திரம் என்ற முறையில் அடிக்கடி பழுதாவது, ஆனால் ஒளிவுமறைவற்றது. சமூகக் கருவி என்ற முறையில் கடந்த நூற்றாண்டின் பெரும் சாதனைகளுள் ஒன்று. அதன் மீதான ஏக்கமோ இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது. நடுத்தரமான ஒலியைப் புகழ்கிறது, பழுதைச் சின்னமாக்குகிறது, சாதனையை மறக்கிறது. தான் வாழ்ந்த காலத்தைச் சொல்லும் சாட்சியாக ஏக்கம் பயனுடையது. மதிப்பீடாக அது தேறவில்லை.

இந்தத் தீர்ப்புக்கு நடைமுறை விளைவு ஒன்று உண்டு. காந்தநாடா நிலையானது அன்று. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக்காப்பகம், நாடாக்களிலுள்ளவற்றை எண்மத்துக்கு மாற்ற 2025ஐக் கெடுவாக 2015இலேயே அறிவித்தது. நாடா அழிவது ஒரு காரணம். அதை ஓட்டும் கருவியும் பழுதுபார்ப்பவரும் அருகிவருவது மறு காரணம். நம் கடலோர ஈரத்தில் பூஞ்சை இன்னும் வேகமாக வேலை செய்யும். கடையில் விற்ற கேசட்டுக்கு மறுபிரதி எங்காவது இருக்கும். அது போனாலும் பாட்டு போகாது. வீட்டில் பதிந்த கேசட்டுக்கு அது ஒன்றே பிரதி. பாட்டியின் ஒப்பாரி, ஆசிரியரின் பாடம், துபாயிலிருந்து வந்த தந்தையின் குரல் என்று அந்த வகை உங்கள் பரணில் இருந்தால், சினிமாக் கேசட்டுகளை ஒதுக்கிவிட்டு அவற்றை முதலில் கணினிக்கு மாற்றுங்கள். யார், எங்கே, எந்த ஆண்டு என்று எழுதிவைத்து, ஒரு பிரதியை ஆவணக்காப்பகம் ஒன்றுக்கும் கொடுங்கள்.